பட்டாளத்துப் பொத்தானில் இல்லாத பெயர்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. மாலை நேர வகுப்பு நடத்த இடம் பார்க்கப் போயிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒன்றரை வயதுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அதன் அரைஞாண் கயிற்றில், தாயத்துக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைப் பொத்தான் தொங்கியது. சட்டைப் பொத்தான் மாதிரி ஓட்டை போட்டதல்ல. குமிழ்போல உப்பிய முகம், பின்பக்கம் ஒரு சின்ன வளையம். முகத்தில் ஒரு கிரீடம். கிரீடத்துக்குக் கீழே 6 என்ற எண் தெரிந்தது. அதற்கு அடுத்த எண் தேய்ந்து போயிருந்தது.

"இது ஏது ஆயா?" என்று கேட்டோம்.

"எங்கப்பனுக்கு அப்பன் பட்டாளத்துல இருந்தாரு கண்ணு. அவரு கோட்டுல இருந்தது. காத்து கருப்பு அண்டாதுன்னு எல்லாக் கொழந்தைக்கும் கட்டி வுடறது."

"அவர் பேர் என்ன?"

ஆயா கொஞ்சம் யோசித்தார். "ஊருக்கெல்லாம் பட்டாளத்தாருதான். பேரை யாரு சொன்னா?"

வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். "வெள்ளிக்காசு மாதிரி ஒன்னு இருந்துச்சாம். ராணி படமோ ராசா படமோ போட்டது. பஞ்சத்துல அடமானம் வெச்சதுதான், திரும்பல" என்றார்.

கிரீடம் இருக்கிறது. பாதி எண் இருக்கிறது. பெயர் இல்லை. அன்று திரும்பி வரும்போது நாங்கள் பேசிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். சேலம், நாமக்கல் பக்கத்துச் சேரிகளில் இப்படி எத்தனையோ பொத்தான்கள் இருக்கலாம். அவற்றை எப்படிப் படிப்பது, படித்தால் நமக்கு என்ன தெரியவரும் என்பதை மாணவத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பொத்தானைப் படிப்பது எப்படி?

முதலில் கிரீடத்தைப் பாருங்கள். விக்டோரியா ராணி காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் தொய்ந்து, இரண்டு தோள்களைப் போல இருக்கும். அவர் 1901இல் இறந்தபிறகு வந்த அரசர்களின் கிரீடம் தொய்வில்லாமல் கவிழ்த்த கிண்ணம்போல இருக்கும். நாடு குடியரசான பிறகு கிரீடமே போய்விட்டது, அசோகச் சிங்கங்கள் வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பொருள் என்றால், கையில் கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கத்தைப் பார்க்கலாம். அது கம்பெனியின் சின்னம்.

அடுத்தது எண். சென்னை மாகாணப் படைப்பிரிவுகளுக்கு 1, 2, 3 என்று தனி வரிசை இருந்தது. 1903இல் தளபதி கிச்சனர் இந்தியப் படை முழுவதையும் ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, சென்னைப் படைப்பிரிவுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 1வது சென்னைப் பயனியர் படை 61வது பயனியர் ஆனது. 4வது 64 ஆனது. 21வது 81 ஆனது. 1922இல் இந்த எண்களும் மாறிவிட்டன. ஆகவே சென்னைப் படையின் பொத்தானில் 6 என்று தொடங்கும் இரட்டை எண்ணும் கவிழ்த்த கிண்ணக் கிரீடமும் இருந்தால், அது ஏறத்தாழ 1903க்கும் 1922க்கும் இடைப்பட்டது.

மூன்றாவதாகப் பின்பக்கம். இந்த வகைப் பொத்தான்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில், குறிப்பாக பர்மிங்காம் பட்டறைகளில், பித்தளைத் தகட்டை அச்சில் அடித்துச் செய்யப்பட்டவை. முன்தகடும் பின்தகடும் சேர்த்து மடக்கி, பின்னால் வளையம் பற்றவைப்பார்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் வளையத்தைச் சுற்றிச் சின்ன எழுத்தில் இருக்கும். துணியில் தைக்காமல், ஓட்டையில் வளையத்தை நுழைத்து உள்பக்கம் ஒரு கம்பி வளையம் மாட்டுவதும் உண்டு. துவைக்கும்போது கழற்றிவிடலாம். துலக்கும்போது பாலிஷ் துணியில் படாமலிருக்க, நீளப் பள்ளம் வெட்டிய ஒரு தகட்டைப் பொத்தான்களுக்கு அடியில் செருகுவார்கள். அணிவகுப்பில் பொத்தான் மின்னாவிட்டால் தண்டனை.

கவனியுங்கள் தோழர்களே: செய்த முதலாளியின் பெயர் பொத்தானில் உண்டு, ஆண்ட அரசரின் கிரீடம் உண்டு, படைப்பிரிவின் எண் உண்டு. அணிந்த மனிதரின் பெயருக்கு மட்டும் அதில் இடமில்லை.

இந்தச் சமவெளிக்குக் கம்பெனிப் படை வந்த கதை

மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் தோற்று, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்குப் போயின. இங்கே வரி நிர்ணயம் செய்ய முதலில் வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவரிடம்தான் உதவியாளராக வேலை கற்றார். நம் மண்ணை அளந்த முதல் கலெக்டரே சிப்பாய்க் கோட்டு போட்டவர்தான். சங்ககிரி மலைக்கோட்டையில் கம்பெனிப் படை நிலைகொண்டது.

அதே சங்ககிரியில்தான் 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். அவருடைய படையில் இருந்த அருந்ததியர் வீரர் பொல்லான், அறச்சலூர்ப் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையர் படையின் நகர்வுகளை உளவறிந்து, செருப்புக்குள் ஓலையை மறைத்து அனுப்பியவர் பொல்லான் என்பது மக்கள் வழங்கிவரும் வரலாறு. செருப்பு தைப்பவனை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள் என்பதையே அவர் ஆயுதமாக்கினார். பல தலைமுறைகள் அவருடைய பெயர் மேடைகளில் ஒலிக்கவில்லை. அருந்ததியர் இயக்கங்கள் விடாமல் கேட்டதால்தான் அரசு இன்று அவருக்கு மரியாதை செய்கிறது.

கோட்டைச் சுவருக்கு மறுபக்கம் யார் இருந்தார்கள்? கம்பெனியின் சென்னைப் படை தொடக்கம் முதலே பறையர்களைச் சேர்த்துக்கொண்ட படை. வங்கப் படை உயர்சாதியாரைத் தேடித்தேடிச் சேர்த்தபோது, சென்னைப் படை அப்படிப் பார்க்கவில்லை. 1780இல் உருவாகி, பின்னர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர்பெற்று, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியியல் படையில் பறையர்கள் பெருமளவு இருந்தார்கள். 'தம்பி' என்பது அந்தப் படை வீரர்களுக்கு ஆகிவந்த பெயர்.

ஆக, ஒரே காலத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள். இதைச் சொல்ல நாம் கூச்சப்படத் தேவையில்லை. இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு ஊருக்குள் ஒரே இடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது: கிழக்கே, சேரி.

ஏன் போனார்கள்?

"வெள்ளைக்காரனுக்கு அடியாள் வேலை பார்த்தவர்கள்" என்று ஒரு கூட்டம் பேசும். "வீரப் பரம்பரை, அதனால் போனார்கள்" என்று நம்மில் சிலரும் பேசுவார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகச் சுருங்கியது. மானாவாரிச் சோளமும் கம்பும் பொய்த்தால் முதலில் பட்டினி கிடப்பது நிலமில்லாத பண்ணையாள். அவனுக்குக் கூலி தானியமாகத்தான் வரும், அதுவும் எசமானன் மனம்வைத்தால். பட்டாளத்தில் மாதாமாதம் காசாகச் சம்பளம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு சிப்பாயின் சம்பளம் 7 ரூபாய். உடுப்பில் ஒரு பகுதிக்கான செலவை அதிலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. ஆனாலும் அது காசு. கொடுத்தவன் கையைப் பார்த்து நிற்க வேண்டிய கூலி இல்லை.

காசைவிடப் பெரிய மாற்றம் உடம்பில் நடந்தது. மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்க வேண்டியவன், பூட்ஸ் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டிய கோட்டோடு நின்றான். விடுப்பில் ஊருக்கு வந்தபோது அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தானா, ஊர் எல்லையிலேயே கழற்றி மடித்துக்கொண்டானா? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு கதை இருக்கும்.

படிப்பும் பட்டாளத்தின் வழியாக வந்தது. அம்பேத்கர் 1891இல் மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். அவருடைய தந்தை சுபேதார் ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பட்டாளத்துச் சம்பளமும் பட்டாளத்துப் படிப்பும் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதையே வேறு.

ஆனால் பட்டாளத்துக்குள் சாதி கழற்றி வைக்கப்படவில்லை. முஸ்லிம், சாதித் தமிழர், பறையரும் கிறிஸ்தவரும் என்று கம்பெனி கம்பெனியாகப் பிரித்துத்தான் ஆள் சேர்த்தார்கள். பயனியர் படை என்றால் துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் சுமக்கும் படை. முன்னால் போய்க் காடு வெட்டி, பாதை போட்டு, பாலம் கட்டுவார்கள். சண்டை வந்தால் சண்டையும் போடுவார்கள். ஊரில் செய்த மண்வேலை அங்கேயும் தொடர்ந்தது. ஒரே வித்தியாசம், அங்கே அதற்குச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன.

பொத்தான் கிடைக்காதவர்கள்

நாமக்கல் சமவெளியில் ஒடுக்கப்பட்டோர் என்றால் அருந்ததியரை விட்டுவிட்டுப் பேச முடியாது. சென்னைப் படையின் ஆள்சேர்ப்புப் பட்டியல்களில் அவர்களுடைய பெயர் முன்னணியில் இல்லை. ஆனால் பட்டாளத்துக்கு அவர்களுடைய உழைப்பு தேவைப்பட்டது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் பெருமளவில் போனது. போருக்கு அது அவ்வளவு முக்கியம் என்பதால் அரசே அந்த வணிகத்தைக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அந்தத் தோலைப் பதனிட்டது நம் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டை. செத்த மாட்டைத் தூக்கி, தோலுரித்துக் கொடுத்தது மாதாரித் தெரு. உலகத்துக்கு பூட்ஸ் போன தெருவில், காலில் செருப்போடு ஊருக்குள் நடக்க உரிமையில்லை.

தோல் என்றால் 1806இல் நடந்த வேலூர்ப் புரட்சியும் நினைவுக்கு வர வேண்டும். சிப்பாய்களின் கோபத்துக்கான காரணங்களில், புதிய தலைப்பாகையில் தோலாலான சின்னம் வைத்ததும் ஒன்று. கூடவே நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை விதித்தார்கள். அந்நியர் ஆணைக்கு எதிரான எழுச்சியை நாம் மதிக்கிறோம். தலையில் தோல் பட்டாலே தீட்டு என்ற எண்ணம், தோலைத் தொட்டு வாழ்ந்த மக்களைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் கேட்கிறோம். பள்ளிப் பாடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பொத்தானைப் பிடுங்கிய கதை

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியானார். தென்னிந்தியர்கள் போர்க்குணம் இழந்துவிட்டார்கள், வடமேற்கு மக்களே போருக்கு ஏற்ற இனம் என்பது அவருடைய கொள்கை. 'போர்க்குடி' என்ற பெயரில் அது அரசுக் கொள்கையானது. பிறப்பை வைத்து ஒருவனின் தகுதியை முடிவுசெய்வது நமக்குப் பழகிய கணக்குத்தான். இம்முறை அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

விளைவு வேகமாக வந்தது. மராட்டியப் பகுதியில் மகர்களைப் படையில் சேர்ப்பது 1890களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதை எதிர்த்து சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் மனு அனுப்பினார். இங்கே சென்னைப் படைப்பிரிவுகளில் பல, எண் வரிசை மட்டும் தொடர, பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. 2வது சென்னைக் காலாட்படை '62வது பஞ்சாபியர்' ஆனது இப்படித்தான். ஆயா வீட்டுப் பொத்தானில் தேய்ந்துபோன அந்த இரண்டாவது எண் 2 ஆக இருந்தால், அதை அணிந்தவர் நம்மவராக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1, 3, 4 என்றால் வாய்ப்பு உண்டு.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையைக் கப்பலில் அனுப்பினார்கள். அதில் 61வது பயனியரும், 63வது பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தன. எதிரில் ஜெர்மானியர் தரப்பில் இருந்தவர்கள் சுமார் 1,000 பேர். உளவு சரியில்லை, திட்டம் சரியில்லை, கடற்பயணத்தில் சோர்ந்த ஆட்களை அப்படியே இறக்கிவிட்டார்கள். படை தோற்றுக் கப்பலேறியது. தளபதி எய்ட்கன் பதவி இழந்தார். ஆனால் வெள்ளை அதிகாரிகளின் குறிப்புகளில் "சென்னை ஆட்கள் ஓடினார்கள்" என்பதே பெரிதாக நின்றது. 'போர்க்குடி'ப் பட்டியலில் இடம்பெற்ற 13வது ராஜபுத்திரர் படையும் அங்கே பின்வாங்கியது. அதை வைத்து ராஜபுத்திரர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று யாரும் கொள்கை வகுக்கவில்லை.

போர் முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. 1928க்குள் சென்னைக் காலாட்படை கலைக்கப்பட்டது. 1933இல் பயனியர் படை கலைக்கப்பட்டது. சாப்பர்ஸ் மட்டும் மிஞ்சியது. அடுத்த உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும், 1941இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. மகர் ரெஜிமென்ட்டும் அதே ஆண்டில்தான் உருவானது. தேவை வந்தபோது நம்மிடம் வீரம் திரும்பிவிட்டது. தேவை தீர்ந்தபோது வீரமும் தீர்ந்துவிட்டது. பொத்தானை மாட்டியதும் பிடுங்கியதும் அவர்களுடைய தேவைதான். ஆகவே பேரரசின் கருணைக்கு நாம் நன்றி சொல்லத் தேவையில்லை, 'போர்க்குடி' பட்டத்துக்கு மனுப்போடவும் தேவையில்லை. யார் உழைத்தார்கள், யார் செத்தார்கள், அவர்களுடைய பெயர் என்ன என்பதே நாம் கேட்க வேண்டியது.

எண்ணும் பெயரும்

பீமா கோரேகான் தூணை நினைத்துப் பாருங்கள். 1818 சனவரி 1இல் நடந்த சண்டையில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. 'நாக்' என்று முடியும் 22 பெயர்கள் மகர்களுடையவை. 1927இல் அம்பேத்கர் அங்கே போனார். பெயர் இருந்ததால் அந்தக் கல் ஒரு மக்களின் நினைவாக மாற முடிந்தது.

இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வேறு கதை. மெசபடோமியாவில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவும் எண்ணிக்கையுமாக மட்டுமே குறித்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு இதுபோன்ற பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்களே பெரும்பாலும். குறைந்தது 1,16,000 பேர் பெயரே பொறிக்கப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கிறார்கள் என்கிறது அந்த அறிக்கை. பொத்தானில் எண், கல்லிலும் எண்.

ஆனால் ஓர் இடத்தில் பெயர் இருந்தது. முதல் உலகப் போரில் பணிபுரிந்தவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். வட்டமாக, பெரிய காசு மாதிரி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. அதன் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயா சொன்ன வெள்ளிக்காசு அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளி என்பதால் அது அடகுக்கடைக்குப் போனது. பித்தளைக்கு விலை கிடைக்காததால் பொத்தான் தங்கியது. பட்டாளத்தாரின் பெயரைப் பசி தின்றுவிட்டது.

செய்ய வேண்டியவை

இளம் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள். பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பெட்டிகளைப் பாருங்கள். பொத்தான் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். முன்னும் பின்னும் படம் எடுங்கள். பதக்கம் கிடைத்தால் விளிம்பைப் படியுங்கள். ஓய்வூதியப் புத்தகம், பணிவிடுப்புச் சான்று, பழைய புகைப்படம் எதையும் விடாதீர்கள். பொத்தான் மட்டும் இருந்தால் அது முழுச் சான்றாகாது, பழைய கோட்டுகள் சந்தையிலும் விற்றிருக்கின்றன. ஆகவே பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்த பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கின்றன. சேலம் என்று தேடிப் பாருங்கள்.

கூடவே இன்றைய கேள்விகளையும் மறக்காதீர்கள். விடியற்காலையில் நம் காலனிப் பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரம் ஓடிப் பழகுகிறார்கள். 2022 முதல் அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு வேலை, அதற்குப்பின் நால்வரில் ஒருவருக்கே தொடர்ச்சி. ராணுவத்தில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு இல்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரை மட்டும் எடுப்பதை ராணுவம் 2013இல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. ராபர்ட்ஸ் போய்விட்டார், அவருடைய பட்டியல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அடுத்த வாரம் மறுபடி ராசிபுரம் போகிறோம். ஆயாவின் தங்கை சேந்தமங்கலத்தில் இருக்கிறாராம். அவருக்குப் பெயர் நினைவிருக்கலாம் என்று ஆயா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜெய்பீம்.